கிழிந்த வாரம்

இன்டர்வெல் விட்டு விளக்கைப் போட்ட பிறகுதான் தனபாக்கியத்துக்குத் தன் இடது கால் மரத்துப்போயிருப்பது தெரிந்தது. எப்போது மரத்தது என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தால் கால் செருப்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் அவளுடையதாக இல்லை, பக்கத்து சீட்டுப் பெண் மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடக்கிறது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நினைப்பு. தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போவோம் என்று சொன்னால் கோதண்டம் மறுபேச்சுப் பேசமாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான், சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் அவர் எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விட்டார். போகும்போதே முன் சீட்டுக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி, “அந்தக் காலத்துல ஏது பாக்கியம் தெருவுக்குத் தெரு டியூப்லைட்டு? குண்டு பல்புதான். அதுவும் நாலு போஸ்ட்டுக்கு ஒண்ணு எரியும். படம் எடுக்குறவங்க எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல” என்றுவிட்டுப் போனார். மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தப் படத்துக்குப் போனாலும் போஸ்ட்டையும் வயரையும்தான் பார்ப்பார். அதனால் தப்பித்தாள். இத்தனை நேரமும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது. காலைப் போலத்தான் முகமும். கோயமுத்தூரிலிருந்து மகள் சுகன்யா போனிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தாள், கல்யாண நாளுக்கு. “அம்மா, நீ பொண்ணா இருக்கையில வந்த தொடர்கதையாம்ல இது? ஊரே படிச்சுதாம்ல? நீ படிச்சியா?” என்று கேட்டாள். “படிச்சேன்.” முழுசாகப் படித்தாயா என்று மகள் கேட்கவில்லை. அப்படி யார் கேட்பார்கள்.

முழுசாகப் படிக்கவில்லை. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிற்று, அதற்கு அடுத்த வாரத்தோடு படிப்பதும் நின்றுபோயிற்று. அந்த ஒரு வாரம்தான் இனிமேல் திரையில் வரப்போகிறது. விளக்குப் போடுவதற்கு முன்னால் அந்தப் பையன், படத்தில் அவன் பேர் ரகு, கதையில் ரகுபதி, கிணற்றடியில் நின்றுகொண்டு அவளிடம், படத்தில் ஹேமு, கதையில் ஹேமலதா, “வெள்ளிக்கிழமை விடியக்காலம், முதல் பஸ்ஸு. வருவியா?” என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் டக்கென்று விளக்கு. அன்றைக்கும் இதே இடத்தில்தான் ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. பாவி, எழுதினவரும் இங்கேதான் நிறுத்தினார், எடுத்தவரும் இங்கேதான் நிறுத்தியிருக்கிறார். ஆனால் இவர்கள் பத்து நிமிஷத்தில் மணியடித்துவிடுவார்கள். அன்றைக்கு ஒரு வாரம். படத்தில் வாரம் என்பதே கிடையாது, அதுதான் குறை என்று தனபாக்கியம் நினைத்துக்கொண்டாள். வியாழக்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில் பாத்திரம் துலக்கும்போது ஹேமலதா கூடவே துலக்குவாள். துணி காயப்போடும்போது கொடிக்கு அந்தப்புறம் ரகுபதி நிற்பான். அவன் அவள் விரலைத் தொட்டது ஒரு வாரம் என்றால் அந்தத் தொட்டது ஏழு நாளும் சுடும். இங்கே ஒரு பாட்டுக்குள் தொட்டு, கட்டிப்பிடித்து, சட்டையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். சினிமாக்காரப் பெண் அழகாகத்தான் இருக்கிறாள், உரித்த வெங்காயம் மாதிரி. கதைக்குப் படம் போட்டவர் ஹேமலதாவுக்குக் கழுத்தெலும்பு தெரிகிற மாதிரி வரைந்திருப்பார். தனபாக்கியத்துக்கும் அப்போது கழுத்தெலும்பு தெரியும்.

ஹேமலதா போனாளா இல்லையா. அவ்வளவுதான் கேள்வி. போகவில்லை என்றால் தனபாக்கியம் செய்தது சரி. போனாள் என்றால் தப்பு. தப்பு என்றால் இப்போது என்ன செய்வது, இந்தக் காலை வைத்துக்கொண்டு. பக்கத்து சீட்டுப் பெண் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், வெண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. ஜெயசீலன் மேல் எண்ணெய் வாசனை இருக்கும். பூட்டுக்குப் போடுகிற எண்ணெய். திண்டுக்கல்லில் பூட்டு செய்கிற பட்டறைகள் வரிசையாக இருந்த தெருவில் ஒரு பூட்டுக் கடையில் விற்பனைக்கு நின்றான். வேதக்காரன். அம்மா மட்டும்தான், சாயங்காலமானால் மாதா கோயிலுக்குப் போய் முட்டிபோட்டுவிட்டுத்தான் அடுப்பு பற்றவைக்கிற அம்மா. தனபாக்கியம் வீட்டு வாசல் கதவுக்குப் பூட்டு வாங்கப் போனவள், அவன் கையில் அந்த வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, “இந்த வாரம் அவ பேசிட்டாளா?” என்று கேட்டுவிட்டாள். தெரியாத ஆம்பிளையிடம், கூட வந்த அண்ணன் தெருமுனையில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில். அவன் நிமிர்ந்து பார்க்காமல், “பேசல. ஆனா செருப்பை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டா” என்றான். அவ்வளவுதான் ஆரம்பம். அதற்கப்புறம் பூட்டு சரியில்லை என்று ஒருதரம், சாவி தொலைந்துவிட்டது என்று ஒருதரம். சாவி தொலையவில்லை, உப்புப் பானைக்குள் இருந்தது. பேசினதெல்லாம் கதைதான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை அவனும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. ரகுபதிக்குத் தைரியம் பத்தாது என்பாள் அவள். அவனுக்கு அம்மா இருக்காங்கல்ல என்பான் அவன். ஹேமலதா அண்ணன் அவளை அறைந்த வாரம், தனபாக்கியத்தை அவள் அண்ணன் அறைந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். கன்னம் எரிந்தபோதும் அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, அட, கதை சரியாகத்தான் போகிறது என்பது.

அதனால்தான் அந்த யோசனை வந்தது. அவளுடைய யோசனைதான், அவனைச் சொல்லக்கூடாது. இனிமேல் கடைப்பக்கம் வரமுடியாது என்று ஆனபோது, கடைசித் தடவையாக, மாவு மில்லில் சத்தம் காதை அடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு சொன்னாள். “நாம பேசிக்க முடியாது. கதை பேசட்டும். வியாழக்கிழமை புஸ்தகம் வந்துரும். ஹேமலதா என்ன செய்றாளோ அதை நான் செய்றேன். ரகுபதி என்ன செய்றானோ அதை நீங்க செய்யுங்க. அவ போனா நான் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துருவேன்.” அவன் சிரித்தான். “ஏங்க, நம்ம கல்யாணத்தைக் கொண்டுபோயி எவனோ கதை எழுதுறவன் கையில குடுக்குறீங்களே.” “உங்க கையில குடுத்தா பூட்டுப் போட்டு வெச்சிருவீங்க.” “சரிங்க” என்றான். சரி என்றுதான் சொன்னான். மில் சத்தத்தில் வேறு ஏதாவது சொல்லி அவள் சரி என்று எடுத்துக்கொண்டாளா என்றுகூட யோசித்துப் பார்த்திருக்கிறாள், இல்லை, உதட்டைப் பார்த்தாள், சரி என்றான். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அப்போது இல்லை. அப்போது ஊரில் பாதிப்பேர் அந்தக் கதை சொல்கிறபடிதான் ஜடை போட்டார்கள். இரண்டு பேருக்கும் தாமாக முடிவெடுக்கப் பயம், வேறொருவர் எடுத்துக் கொடுத்தால் தேவலை என்றிருந்தது. அதுதான் உண்மை. அவள் புத்தியில்லாமல் செய்யவில்லை, பயத்தில் செய்தாள்.

“இந்தா, காபி சூடா இருக்கு, துண்டை வெச்சுப் பிடி” என்று கோதண்டம் வந்து உட்கார்ந்தார். காகிதக் கோப்பை. உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தது, அந்தமட்டும் கை இருக்கிறது. “கால் மரத்துப்போச்சுங்க.” “ஏசி. கட்டைவிரலை ஆட்டு.” ஆட்டினாளோ ஆட்டவில்லையோ தெரியவில்லை. விளக்கு அணைந்தது. வியாழக்கிழமை. மில்லில் பேசின அந்த வாரம், பாய் சைக்கிளில் வந்தார். லைப்ரரி பாய் என்றுதான் பேர், கேரியரில் பெட்டி கட்டி வீடுவீடாக வாரப் பத்திரிகை கொடுத்து வாங்குகிறவர், வீட்டுக்கு ஒருநாள். மணிச்சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாங்கினாள், கதவுக்குப் பின்னால் போய்ப் பிரித்தாள். நடுப்பக்கத்தில் கம்பி மட்டும் இருந்தது. கம்பியில் பேப்பர் துணுக்கு பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கதையை யாரோ கிழித்து எடுத்துவிட்டார்கள். ஓடி வாசலுக்கு வந்தாள். பாய் அடுத்த வீட்டில் நின்றார். “பாய், இதுல கதை இல்லையே!” “அடடா, கிழிச்சிட்டாங்களா? கதையைக் கிழிச்சு பைண்டிங் பண்ற வீட்டுக்கு முதல்ல குடுத்தது என் தப்பும்மா. எத்தன தடவ சொல்றது, எல்லாரும் படிக்கிற பொருளும்மா, கடைசி வாரம் மொத்தமா வாங்கிக்கன்னு. கேட்டாத்தான? விடு, அடுத்த வாரம் சேத்துப் படிச்சுக்க. என்ன ஆயிருக்கும், அவ அழுதிருப்பா, அவன் சமாதானம் சொல்லியிருப்பான்.” “வேற புஸ்தகம் இல்லையா பாய்?” “நாளன்னிக்கு ஒண்ணு திரும்பி வரும்.” நாளன்றைக்கு சனிக்கிழமை. தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிக்கொள்கிறவர்கள் அப்போது தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள், அது ஒரு குற்றமென்றே யாருக்கும் படாது. எந்த வீடோ, எந்தப் பெண்ணோ, மடியில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு. ஜெயசீலன் காசு கொடுத்துக் கடையில் புதுப் புத்தகம் வாங்குகிறவன். கிழிந்த புத்தகம் ஒன்று ஒரு வீட்டுக்கு வரும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்.

வாங்கியிருக்கலாம். இங்கேதான் வந்து சிக்கும், எப்போதும். கடையில் ஒரு புத்தகம் வாங்கியிருக்கலாம். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காசு கொடுத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கம்பியில் ஒட்டின துணுக்கைப் பார்த்தபோது அழுகை வந்தது, அழுகைக்கு அடியில், தண்ணிக்கு அடியில் மணல் மாதிரி, அப்பாடா என்று ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கேகூட ரொம்ப நாள் கழித்துத்தான் சொல்லிக்கொண்டாள். கதை வரவில்லை, அப்படியென்றால் போகாதே என்று அர்த்தம். அப்படி எடுத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் மஞ்சள் பையில் இரண்டு சேலை மடித்து வைத்திருந்தது. விடியக்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து முதல் பஸ் ஹாரன் அடித்தது, அவர்கள் வீட்டுக்குத் தெளிவாகக் கேட்கும். ஒருதரம் நீளமாக. அப்புறம் கொஞ்சம் விட்டு, கோபமாக, இரண்டாந்தரம். ஏறுகிற ஆள் யாரோ ஏறாமல் நிற்கிற மாதிரி. அதுதான். அந்த இரண்டாவது ஹாரன்தான் அவன். அடுத்த வியாழக்கிழமை புத்தகம் முழுசாக வந்தது. ஹேமலதா வீட்டில் உட்கார்ந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள், முகம் வீங்கியிருந்தது, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தது. ஆக, அவளும் போகவில்லை. தனபாக்கியம் அந்த வரியை எத்தனை தரம் படித்தாளோ, ஆனாலும் கிழிந்த பக்கத்தில் என்ன இருந்தது என்ற சந்தேகம் போகவில்லை. அதோடு சரி, அண்ணன் பாயை வாசல் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார், தை மாசம் கோதண்டம் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

திரையில் ஏதோ சிரிப்பு நடந்தது, எல்லாரும் சிரித்தார்கள், கோதண்டமும் சிரித்தார், அவர் சிரிப்பு குலுங்கி நாற்காலிக் கைப்பிடி வழியாக அவள் முழங்கைக்கு வந்தது. கெட்ட மனுஷன் இல்லை. நல்லவர். புயல் மழையில் கரண்ட் போனால் ஊர் மொத்தமும் இருட்டில் உட்கார்ந்து அவரை வைதுகொண்டிருக்கும், அவர் எங்கேயாவது கம்பத்து மேல் இருப்பார், அவள் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு சோற்றை மூடி வைத்துக் காத்திருப்பாள். காத்திருக்கும்போது இன்னொருத்தன் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். எப்போதும் நிற்பான். டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில், தூணில் சாயாமல். சுகன்யா வயிற்றில் இருக்கும்போது மழை பெய்தது, அவன் கையில் ஒரு குடையைக் கொடுத்தாள். மாமியார் செத்த வருஷம் அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள், உட்காரமாட்டேன் என்றுவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தாள், ஆறிப்போனது. அவளுக்கு நரைத்தது, அவனுக்கு நரைக்கவில்லை. ஆசை என்று அதைச் சொல்லமுடியாது, ஆசையெல்லாம் எப்போதோ போயிற்று, அது ஒரு கணக்காக, வீட்டில் ஆள் இல்லாத ஒரு அறை மாதிரி இருந்தது, பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வரவேண்டும். நிஜமான ஜெயசீலனை ஒரே ஒருதரம் பார்த்தாள். மதுரையில் கண்ணாஸ்பத்திரி வராண்டாவில், மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனபோது. கையில் சீட்டோடு வந்தவன், இவளைப் பார்த்ததும் அடிவாங்கின மாதிரி நின்றான், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, வந்த வழியே வேகமாகத் திரும்பிப் போய்விட்டான். கோபம். இருக்காதா பின்னே. நிற்கவைத்தவளை எந்த ஆம்பிளை பார்ப்பான். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. கதை புத்தகமாகவும் வந்தது, கெட்டி அட்டை போட்டு. நூலகத்தில் பார்த்திருக்கிறாள், புத்தகக் கண்காட்சியில் பார்த்திருக்கிறாள், ஒருதரம் கையிலேயே எடுத்தாள். அந்தப் பக்கம் உள்ளே இருக்கிறது, கிழியாமல். திறந்தால் போதும். திருப்பி வைத்துவிட்டாள். தெரியாதவரைக்கும் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். தெரிந்துவிட்டால் ஒன்றுதான் இருக்கும்.

அப்போது திரையில் விடிந்தது. தனபாக்கியம் கோப்பையைக் கீழே வைத்தாள். வெறும் கோப்பை, எப்போது குடித்து முடித்தாள். பஸ் ஸ்டாண்டு இல்லை, ரயில் ஸ்டேஷன். எங்கேயோ மலைமேல், பனி புகைகிறது, திண்டுக்கல்லில் ஏது பனி. முதல் பஸ்ஸு என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஏன் வந்தார்கள் என்று கேட்க ஆளில்லை. ரகு நிற்கிறான். நல்ல கோட்டுப் போட்டிருக்கிறான். வண்டி ஊதுகிறது. ஒருதரம். வரமாட்டாள், வராதே, வராதே என்று தனபாக்கியத்தின் வாய்க்குள் யாரோ சொன்னார்கள். இரண்டாந்தரம் ஊதுகிறது. வயலின் எல்லாம் ஒன்றாக எழுந்தது, அந்தப் பெண் ஓடிவருகிறாள், கூந்தல் அவிழ்ந்து, கையில் பைகூட இல்லை, மாற்றுச்சேலைக்கு என்ன செய்வாள், ஓடிவந்து அவன் மேல் விழுகிறாள். தியேட்டரே விசிலடித்தது. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கை உறிஞ்சினாள். ஆக, போனாள். போயிருக்கிறாள். அவனும் வந்தான், அவளும் போனாள், தனபாக்கியம் மட்டும்தான் போகவில்லை. இந்த இடத்தில் இடி விழும் என்று இத்தனை வருஷமும் பயந்தாள். விழவில்லை. ஒன்றுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொடுகிற மாதிரி மனசைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், இருக்கிறது, ஆனால் வேறொருத்தருடையது. தப்பு செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். வேறு யாரோ சொல்லிக் கேட்ட செய்தி மாதிரி இருந்தது. காலா, மனசா, எது முதலில் மரத்தது. எதிர்த்த சுவரில் வெளியே போகும் வழி என்று பச்சை விளக்கு எரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இன்னும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாமா என்று நினைத்தாள்.

“என்னத்த எடுத்திருக்காங்க” என்றார் கோதண்டம். “கதையில இப்படி இல்லையே.”

தனபாக்கியம் திரும்பினாள். கழுத்து மட்டும் திரும்பியது. “என்ன இல்ல?”

“அவங்க சேரமாட்டாங்கள்ல. அதுதான கதையே.”

“நீங்க எப்பப் படிச்சீங்க?”

“கல்யாணத்துக்கு முந்தி எனக்கு அம்மை போட்டுச்சுல்ல, வேப்பிலையில படுத்துக்கிட்டு என்ன செய்யிறது? பெரியக்கா வாரவாரம் கிழிச்சு வெச்சுப் பைண்டு பண்ணியிருந்தா. எடுத்துப் படிச்சேன். அக்கா சிவகாசிக்குப் போறப்ப அதையும் கட்டிக்கிட்டுப் போயிட்டா.”

“சொன்னதே இல்ல.”

“நீ கேட்டதில்லையே.”

“பஸ் ஸ்டாண்டுல... என்ன நடக்கும்?”

முன் சீட்டில் இருந்த பையன் திரும்பினான். “ஐயா, கதையைச் சொல்லிராதீங்க. நாங்க படம் பாக்க வேணாமா?”

“இந்தப் படத்துல அது வரப்போறதில்ல தம்பி, நீ பயப்படாம பாரு” என்று கோதண்டம் சொல்லிவிட்டு அவள் காதோரம் குனிந்தார். திருநீறும் மூட்டுவலித் தைலமும் கலந்த வாசனை. “அந்தப் பிள்ளை போவா பாக்கியம். இருட்டோட போயி டீக்கடைப் பெஞ்சுல உக்காந்திருப்பா. மடியில பையி. இவன்தான் வரமாட்டான். அம்மாவுக்கு சாமி முன்னாடி சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வீட்டுலயே படுத்துக்குவான். பஸ்ஸு ஒண்ணு போகும், ரெண்டு போகும். டீக்கடைக்காரன் யாரைம்மா பாக்குறன்னு கேப்பான். அப்புறம் வீட்டுல ஆளு எந்திரிக்கிறதுக்குள்ள திரும்பி வந்து மாவாட்ட உக்காந்திருவா. அதைப் படிச்சுட்டு எனக்கு மனசே கேக்கல. ஒரு வார்த்தை போயி சொல்லிட்டு வந்திருக்கலாம்ல அவன்? வரமுடியலன்னு?”

“ஆமா” என்றாள் தனபாக்கியம். முன்சீட்டுப் பையன் உச்சுக்கொட்டினான். கோதண்டம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். திரையில் அந்த இரண்டு பேரும் ரயிலுக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். போனாள், அவன் வரவில்லை. போய்விட்டு வந்து மாவாட்டினாள், முகம் வீங்கினது அதற்கு. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றால் அதுதான் அர்த்தம். ஒரே வரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறாள். சரி, ரகுபதி வரவில்லை. ரகுபதி என்ன செய்றானோ அதை நீங்க செய்யுங்க. சரிங்க என்றான். அவனுக்குப் புதுப் புத்தகம், முழுப் புத்தகம், வியாழக்கிழமை சாயங்காலமே படித்திருப்பான். படித்துவிட்டு அழுதானோ, இல்லை அவனுக்கும் அடியில் மணல் மாதிரி ஒரு அப்பாடா இருந்ததோ, அம்மா அடுப்பு பற்றவைத்திருப்பாள், அவன் படுத்துக்கொண்டிருப்பான். அப்போது நின்றது யார். அந்த இரண்டாவது ஹாரன் யாருக்கு. யாருக்குமில்லை, சும்மா அடித்தது, டிரைவர் சும்மா அடிப்பார். தூணுக்குப் பக்கத்தில் பார்த்தாள். குடை இருந்தது, ஆறின டீ இருந்தது, ஆள் இல்லை. நாற்பத்துச் சொச்சம் வருஷமாக ஆளே இல்லாத இடத்துக்குக் குடை பிடித்திருக்கிறாள். சிரிப்பு வருமா என்று பார்த்தாள், வரவில்லை. அப்புறம்தான், ரொம்ப மெதுவாக, கீழேயிருந்து ஊறி வருகிற தண்ணி மாதிரி அது வந்தது. அவன் கதையைப் படித்திருக்கிறான். கதையில் அவள் போகிறாள். அப்படியென்றால் அவன் கணக்கில் தனபாக்கியமும் போனாள். சொன்னபடி போனாள், பெஞ்சில் உட்கார்ந்தாள், மடியில் பையோடு, பஸ் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. கண்ணாஸ்பத்திரி வராண்டாவில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி ஓடினானே, அது கோபமில்லை. ஐயோ, அது கோபமில்லை. அவன் அவளை அங்கே உட்காரவைத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி சோறு போடும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது, மழை பெய்தபோதெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தெலும்பு தெரிய. உயிரோடு இருந்தானானால் இப்பவும் உட்கார்ந்திருக்கிறாள். யாராவது போய் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவள் வரவேயில்லை என்று.

அவன் இப்போது எந்த ஊரென்று தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. வியாழக்கிழமை ஒரு புத்தகம் வந்து சொல்லும் என்றால் சொல்லும். விளக்கு போட்டார்கள். படம் முடிந்துவிட்டதாம். “எந்திரி, கையைக் குடு. கால் இன்னும் அப்படியேதான் இருக்கா?” கோதண்டம் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். ஊன்றினாள், தரை எங்கேயோ தூரத்தில் இருந்தது. படியில் ஒவ்வொரு படியாக அவர் சொல்லிக்கொண்டே வந்தார், இங்க, இங்க வையி, அவ்வளவுதான், கம்பத்தில் ஏறத் தெரியாத புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. வெளியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது, சுகன்யா. “அம்மா, படம் எப்பிடி? அழுதியா?” “நல்லா இருந்துச்சு” என்றாள். “அப்பாகிட்ட குடு.” கோதண்டம் போனை வாங்கி, டியூப்லைட் விஷயத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆட்டோ வந்து நின்றது. ஏறினார்கள், வண்டி அந்தப் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகவேண்டும். அந்தப் பழைய டீக்கடை இப்போது இல்லை, செல்போனுக்கு உறை விற்கிற கடை இருக்கிறது, பெஞ்சு இருந்த இடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக, அதில் ஜனங்கள். பஸ் ஒன்று வெளியே வர வழியில்லாமல் ஹாரன் அடித்தது, ஒருதரம் நீளமாக, அப்புறம் கோபமாக இரண்டாந்தரம். ஆட்டோ நின்றுவிட்டது. தனபாக்கியம் நாற்காலிகள் பக்கம் பார்க்காமல் நேராக டிரைவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டம் போனைப் பேசி முடித்து அவள் பக்கம் திரும்பினார். தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் போட்டு எடுத்து வந்த துணிப்பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

“எதுக்கு அதைக் கெட்டியாப் பிடிச்சிட்டிருக்க? இந்தா, வீடுதான் வரப்போகுதே. கீழ வையி.”

அவள் அவரைப் பார்த்தாள். பஸ் ஒதுங்கி வழி விட்டது, ஆட்டோ குலுங்கிக் கிளம்பியது. பையைக் கீழே இறக்கி, மரத்த காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.